மாலை போட்ட கணினி

புக்கிட் செராய் உணவுப் பரிசோதனைக் கழகத்தில் விழா இல்லாமல் எந்தக் காரியமும் தொடங்கியதில்லை. தண்ணீர் வடிகட்டி மாற்றினால் ரிப்பன் வெட்டுவார்கள். கழிவறைக் கதவுக்குப் புதுத் தாழ்ப்பாள் போட்டபோது டைரக்டர் டாக்டர் மகேந்திரனே நேரில் வந்தார். முதல் ஆளாக உள்ளே போய்த் தாழிட்டுக்கொண்டு, வெளியே கைதட்டல் ஓய்ந்த பிறகுதான் திறந்தார். ஆகவே, எச்.பி.எல்.சி. கருவிக்குப் புது மென்பொருள் வருகிறது என்று கேள்விப்பட்டதும் கலாதேவி செய்த முதல் வேலை, தன் பட்டுச் சேலையை டோபிக் கடையில் கொடுத்ததுதான்.

ஈப்போவிலிருந்து செமோர் போகிற பக்கம் அந்தக் கழகம் இருந்தது. முன்பு அது ரப்பர்த் தோட்டம். வெள்ளைக்காரத் துரை இருந்த பங்களாவில் இப்போது டைரக்டர் இருந்தார். ரப்பர்ப் பால் எடைபோட்ட கொட்டகையை இடித்து ஆய்வுக்கூடம் கட்டியிருந்தார்கள். தோட்டம் போய்விட்டது, பெரட்டு மட்டும் போகவில்லை. அந்தக் காலத்தில் விடியுமுன் தொழிலாளிகளை வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிட்டதற்குத்தான் பெரட்டு என்று பெயர். கழகத்தில் தினமும் காலையில் ஊழியர்கள் வட்டமாக நின்று ஆளுக்கு ஒரு வாக்கியம் உற்சாகமாகச் சொல்ல வேண்டும். டைரக்டர் அதற்கு ஆங்கிலத்தில் நீளமாக ஏதோ பெயர் வைத்திருந்தார். ஊழியர்கள் பெரட்டு என்றே சொன்னார்கள்.

கலாதேவி அங்கே கெமிஸ்ட். அவள் பொறுப்பில் இருந்த கருவி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய பெட்டிகளைப் போல இருக்கும். சாஸ், ஊறுகாய், சம்பல் எது வந்தாலும் அதைக் கரைத்து வடிகட்டிச் சின்னக் குப்பியில் ஊற்றி உள்ளே வைத்தால் போதும். பம்ப் அந்தத் திரவத்தை மெல்லிய எஃகுக் குழாய்க்குள் அழுத்தித் தள்ளும். கலந்து கிடந்த பொருள்கள் ஒவ்வொன்றாகப் பிரிந்து மறுமுனையில் வரும். கணினித் திரையில் அவை மலை மலையாகத் தெரியும். எந்த மலை எவ்வளவு பெரிது என்று பார்த்து, இதில் பென்சோயிக் அமிலம் இவ்வளவு இருக்கிறது என்று கலாதேவி எழுதிக் கொடுப்பாள். உணவு கெடாமலிருக்க அதைக் கொஞ்சம் சேர்க்கலாம். அளவு மிஞ்சினால் சரக்கு கடைக்குப் போகாது.

இத்தனை நாளும் அந்தக் கருவியை ஆட்டி வைத்தது பழைய கணினி ஒன்று. வெள்ளையாக வந்து மஞ்சளாகிப்போனது. காற்றாடி கொஞ்சம் முனகும். மற்றபடி சொன்ன வேலையைச் செய்யும். அதைத் தவிர வேறெதையும் அதால் செய்ய முடியாது என்பதைத்தான் ‘மாற்ற மேலாண்மை’ அதிகாரி ஜோசலின் பெரிய குறையாகக் கருதினாள். கோலாலம்பூர் தலைமையகம் ‘பிந்தார் பிளஸ்’ என்ற புது மென்பொருளை அனுப்பியது. பிந்தார் என்றால் மலாயில் கெட்டிக்காரன். பிளஸ் என்பது அதற்கும் மேலே.

விழா அன்று பழைய கணினியை முன்கூடத்துக்குக் கொண்டுவந்து பளிங்கு மேடையில் வைத்து, சுற்றிக் கண்ணாடிப் பெட்டி போட்டார்கள். மேலே ‘மரபு மூலை’ என்று பொன்னெழுத்துப் பலகை. பூமாலை வாடிவிடும் என்பதால் ஜோசலின் லிட்டில் இந்தியாவில் சந்தன மாலை வாங்கிவந்து திரையைச் சுற்றிப் போட்டாள். வந்திருந்த டத்தோ பட்டம் பெற்ற பிரமுகர் ஒருவர் ஒளிரும் கண்ணாடி உருண்டையின்மேல் உள்ளங்கையை வைத்தார். புகை வந்தது, இசை வந்தது, பிந்தார் பிளஸ் பிறந்துவிட்டதாக அறிவித்தார்கள். கருவி பக்கத்து அறையில் இருந்ததால் அதை யாரும் கவனிக்கவில்லை.

பிறகு டைரக்டர் ஒலிபெருக்கியைப் பிடித்தார்.

“பெரியோர்களே! இந்தக் கணினி கழகத்துக்காக உழைத்துத் தேய்ந்தது. உழைத்தவர்களை நாங்கள் தூக்கி எறிவதில்லை. அது எங்கள் பண்பு. இதை அணைக்க மாட்டோம். மின்சாரம் நின்றால் மரபு நின்றுவிடும். இது என்றென்றும் ஓடிக்கொண்டே இருக்கும்!”

வாசலில் நின்ற காவலாளி சீனியும் கைதட்டினார். பட்ஜெட் இல்லாததால் அவருடைய ஒப்பந்தம் அந்த மாதத்தோடு முடிகிறது என்று முந்தின நாள்தான் அவரிடம் சொல்லியிருந்தார்கள். ஆனால் பேச்சு முடிந்ததும் யாரோ ஒருவருக்கு, மரபை யார் பாதுகாப்பது என்ற கேள்வி வந்தது. மரபுக்குத் தனி பட்ஜெட் இருந்தது. சீனி ‘மரபுக் காவலர்’ ஆனார். கண்ணாடிப் பெட்டிக்குப் பக்கத்தில் அவருக்கு நாற்காலியும் கிடைத்தது.

சும்மா ஓடும் கணினி பார்க்க நன்றாக இருக்காது. ஆகவே டைரக்டரின் புகைப்படங்களை அதில் ஒன்றன்பின் ஒன்றாக ஓட விட்டார்கள். அந்தப் படங்கள் கழகத்தின் பொதுக் கணினிச் சேமிப்பகத்தில் இருந்ததால், நெட்வர்க் கேபிளையும் பளிங்குக்குள் பதித்துக் கணினியோடு இணைத்துவிட்டார்கள்.

மறுநாள் கலாதேவி புதுக் கணினிக்கு முன்னால் உட்கார்ந்து பிந்தார் பிளஸைத் திறந்தாள். ‘இணை’ என்ற பொத்தானை அழுத்தினாள். திரையில் ஒரு வரி வந்தது: இக்கருவி வேறொருவரின் பயன்பாட்டில் உள்ளது.

அவள் திரும்பிப் பார்த்தாள். அறையில் அவளைத் தவிர யாருமில்லை. மறுபடி அழுத்தினாள். அதே வரி. கணினியை அணைத்துப் போட்டாள், கருவியை அணைத்துப் போட்டாள், கேபிளைப் பிடுங்கித் துடைத்துச் செருகினாள், முகவரி எண்களைச் சரிபார்த்தாள். அந்த ‘வேறொருவர்’ விடுவதாக இல்லை.

பெரட்டில் தன் முறை வந்தபோது சொன்னாள். “என் மிஷின் கனெக்ட் ஆவ மாட்டேங்குது.”

ஜோசலினின் முகம் வாடியது. “அக்கா, நம்ம கழகத்துல ‘மாட்டேங்குது’ன்னு சொல்லக் கூடாதுக்கா. ‘இன்னும் ஆவல’ன்னு சொல்லிப் பாருங்க.”

“இன்னும் கனெக்ட் ஆவல.”

“சூப்பர்லா! அப்படின்னா ஆயிக்கிட்டு இருக்கு.”

சுவரில் இருந்த முன்னேற்றப் பலகையில் ‘இணைப்பை நோக்கிய பயணம்’ என்று எழுதி, பச்சை வட்டம் ஒன்றை ஒட்டினாள். சிவப்பு வட்டம் ஊழியர்களின் மனத்தைப் புண்படுத்தும் என்பதால் கழகம் அதை வாங்குவதை நிறுத்தியிருந்தது. மஞ்சள், சிவப்பை நினைவூட்டும் என்று அதையும் விட்டுவிட்டார்கள்.

அடுத்த நாள் காலையில் வேறொரு சங்கதி நடந்தது. கலாதேவி கதவைத் திறக்கும்போதே பம்ப் ஓடிக்கொண்டிருந்தது. யாரும் தொடவில்லை. கொஞ்ச நேரம் குழாயைக் கழுவிவிட்டுத் தானாகவே நின்றது. அதற்கடுத்த நாளும் அப்படியே. போய் சீனியிடம் சொன்னாள்.

சீனி இந்தத் தோட்டத்திலேயே பிறந்து வளர்ந்தவர். யோசித்துச் சொன்னார்: “அந்த எடத்துலதான் தங்கச்சி முன்ன பால் நிறுப்பாங்க. எடையில ஏமாத்திக் கணக்கெழுதுன கிராணி எவனாச்சும் திரும்பி வந்திருக்கானோ என்னமோ.”

“அண்ணே, சும்மா இருங்கண்ணே. நான்தான் காலையில தனியா தொறக்கணும்.”

டைரக்டருக்கு இது எட்டியது. அவர் மூடநம்பிக்கையை அறவே வெறுப்பவர். “ஆள் தொடாமலே ஓடுதா? அதுக்குப் பேர்தான் தானியங்கி! பிந்தார் பிளஸ் வேலை செய்யுதுங்கிறதுக்கு இதைவிட என்ன சாட்சி வேணும்?” என்றார். தலைமையகத்துக்குப் போன மாதாந்தர அறிக்கையில் அது சாதனையாக ஏறியது. பலகையில் இரண்டாவது பச்சை வட்டமும் ஒட்டப்பட்டது.

அந்த வாரம்தான் சுங்காயிலிருந்து அந்தோணிமுத்து வந்தார். அவரும் அவர் மனைவி எல்ஸியும் வீட்டுக்குப் பின்னால் கொட்டகை போட்டு நெத்திலி சம்பல் செய்து பாட்டிலில் அடைத்து விற்கிறவர்கள். செம்பனைத் தோட்டத்து லாரி ஓட்டிக்கொண்டிருந்தவர், எல்ஸியின் கைப்பக்குவத்தை நம்பி வேலையை விட்டு, சொந்தமாகப் பழைய லாரி ஒன்றை வாங்கியிருந்தார். இப்போது ஒரு பெரிய பேரங்காடி அவர்கள் சரக்கை எடுத்துக்கொள்ளச் சம்மதித்திருந்தது.

“ரேக்குல எடம் குடுக்குறேன்னுட்டான் தங்கச்சி. ஒங்க ரிப்போர்ட்டு ஒண்ணுதான் பாக்கி. மாசக் கடைசிக்குள்ள போவலைன்னா அந்த எடத்துல வேற ஒருத்தன் சம்பல ஏத்திருவான்.” அவர் ஒரு பாட்டிலை மேசைமேல் வைத்தார். “இது டெஸ்ட்டுக்கு.” இன்னொன்றையும் வைத்தார். “இது ஒங்களுக்கு. எல்ஸி குடுத்து வுட்டா.”

“ரெண்டு நாள்ல முடிச்சுக் குடுத்துர்றேண்ணே,” என்றாள் கலாதேவி. இன்னும் கொஞ்ச நாள் கூட்டிச் சொல்லியிருக்கலாம் என்று அவர் லாரி வெளியே போன பிறகுதான் தோன்றியது.

கருவி இணையாததற்கு என்ன காரணம் என்று கண்டுபிடிக்க டைரக்டர் குழு அமைத்தார். குழு கூடியது, தேநீரும் காரிபாப்பும் வந்தன, கருவியைப் போய்ப் பார்ப்பதற்கு நேரமில்லாமல் போனது. கருவி புதிது இல்லை, கேபிள் புதிது இல்லை, மென்பொருள் மட்டுமே புதிது. மென்பொருளில் குறை இருக்க வாய்ப்பில்லை, ஏனென்றால் அதை டத்தோ திறந்து வைத்திருக்கிறார். மிச்சம் இருப்பது கலாதேவி. அவளுக்குள் மாற்றத்தை எதிர்க்கும் மனநிலை இருக்கலாம் என்று குழு முடிவு செய்தது.

‘மாற்றத்தைத் தழுவுவோம்’ என்ற பட்டறைக்கு அவளை அனுப்பினார்கள். பயிற்சியாளர் எல்லோரையும் கண்ணை மூடச் சொன்னார். “நீங்கதான் அந்தக் கருவி. இப்ப என்னா உணர்றீங்க?” என்று கேட்டார். கலாதேவிக்குப் பம்ப் வேடம். கணக்குப் பிரிவு விமலாவுக்குக் குழாய் வேடம். கலாதேவி விமலாவின் தோளில் கைவைத்து மெதுவாகத் தள்ள வேண்டும்; விமலா தடையில்லாமல் போக வேண்டும்.

“நல்லா தள்ளுங்க,” என்றார் பயிற்சியாளர். “உங்களைத் தடுக்கிறது எது?”

“விமலாக்கா காலு வலின்னு நிக்கிறாங்க சார்.”

“இல்ல. அது உங்க மனசு.”

பட்டறை முடிவில் கலாதேவிக்குச் சான்றிதழ் கிடைத்தது. அவள் முழுமையாக இணைந்துவிட்டாள் என்று அதில் எழுதியிருந்தது. கருவி இணையவில்லை. அந்தோணிமுத்து இரண்டு தடவை போன் செய்திருந்தார். முதல் தடவை அவள் எடுத்து, “வேலை போயிக்கிட்டு இருக்குண்ணே,” என்றாள். இரண்டாவது தடவை எடுக்கவில்லை. வீட்டில் அவர் கொடுத்த சம்பலைச் சோற்றில் பிசைந்தவள் இரண்டு வாயோடு தட்டைத் தள்ளி வைத்தாள். இத்தனைக்கும் சம்பல் அருமையாக இருந்தது.

கடைசியில் கருவி விற்ற கம்பெனியிலிருந்து ரோய்ஸ்டன் வந்தான். பாரிட் புந்தாரில் வீடு, பினாங்கில் வேலை. ஊர் ஊராகப் போய்க் கருவிகளைச் சரிபார்க்கிற எஞ்சினியர். கையில் கருவிப்பெட்டியோடு, கலாதேவிக்குப் பின்னால் முன்கூடத்துக்குள் நுழைந்தவன், கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் அப்படியே நின்றான்.

“அக்கா, இது பழைய பி.சி.தானே? இது ஏன் இன்னும் ஓடுது?”

“அது மரபு,” என்றார் சீனி, நாற்காலியிலிருந்து எழுந்து.

ரோய்ஸ்டன் குனிந்து, திரையின் ஓரத்தைக் கூர்ந்து பார்த்தான். டைரக்டரின் படங்களுக்குக் கீழே ஒரு சின்னப் பச்சைப் புள்ளி தெரிந்தது. “பழைய சாஃப்ட்வேர் பின்னால ஓடிக்கிட்டு இருக்குக்கா. கேபிளும் போட்டுருக்கீங்க, மிஷினும் அதே நெட்வர்க்குலதான் இருக்கு. இதுதான் ஒங்க மிஷினைப் புடிச்சு வச்சிருக்கு. காலையில கழுவுற புரோகிராம்கூட இதுலதான் இருக்கும். ஒரு மிஷினுக்கு ஒரு நேரத்துல ஒரு முதலாளிதான் இருக்க முடியும். இதை ஆஃப் பண்ணிட்டாப் போதும், புதுசு புடிச்சுக்கும். அவ்ளோதான், வாரேன்.”

கலாதேவி வழியை மறித்தாள். “இருங்க தம்பி. அப்படியே போயிறாதீங்க. நீங்களே வந்து டாக்டர்கிட்ட சொல்லிருங்க.”

டைரக்டர் பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, ஜன்னல் வழியே மலையைப் பார்த்தார்.

“ரோய்ஸ்டன், நீங்க டெக்னிக்கலா பேசுறீங்க. நான் பண்பைப் பத்திப் பேசுறேன். என்றென்றும் ஓடும்னு டத்தோ முன்னால நான் வாக்குக் குடுத்திருக்கேன். போட்டோ எடுத்திருக்காங்க. ஒரு மிஷின் வேலை செய்யலைங்கிறதுக்காக ஒரு நிறுவனம் தன் வாக்கை மீறலாமா?”

“டாக்டர், மிஷின் வேலை செய்யணும்னுதானே நிறுவனம்?”

“அது ஒரு கோணம்,” என்றார் டைரக்டர், பெருந்தன்மையோடு.

அப்படியானால் கருவியிலிருந்து புதுக் கணினிக்கு நேராக ஒரு கேபிள் இழுத்துவிடலாம் என்றான் ரோய்ஸ்டன். தலைமையகத்தின் இணையப் பாதுகாப்புக் குழு அனுமதித்தால் செய்யலாம் என்றாள் ஜோசலின். அந்தக் குழு அடுத்த ஆண்டுதான் கூடும். ரோய்ஸ்டன் தன் பெட்டியை மூடிக்கொண்டு, கலாதேவியைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டுக் கிளம்பினான்.

அன்று மத்தியானம் முன்கூடத்தில் ஆள் நடமாட்டம் இல்லாத நேரம் பார்த்துக் கலாதேவி சீனியிடம் வந்தாள்.

“அண்ணே, கண்ணாடியை லேசாத் தூக்கிப் புடிச்சீங்கன்னா, நான் கையை வுட்டு பிளக்கை மட்டும் உருவிருவேன்.”

சீனி அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை. “பூட்டிருக்கு தங்கச்சி. சாவி மரபுக் குழுத் தலைவருகிட்ட இருக்காம். அது யாருன்னு எனக்கே தெரியல.” கண்ணாடியில் படிந்திருந்த தூசியைக் கைக்குட்டையால் துடைத்தார். “பூட்டலைன்னாலும் எப்படி? இது ஓடுற வரைக்கும்தான் நான் மரபுக் காவலரு. இது அணைஞ்சா நாளைக்கு நான் எதைக் காவல் காக்குறது? மூத்தவ இன்னும் படிச்சுக்கிட்டு இருக்கா.”

கலாதேவி திரும்பி நடந்தாள். ஒரு பக்கம் சம்பல், ஒரு பக்கம் சீனி. நடுவில் பழைய கணினியின் காற்றாடி முனகிக்கொண்டிருந்தது.

ஒரு நாள் பேய்மழையில் அந்த வட்டாரமே மின்சாரம் இழந்தது. கலாதேவிக்கு உள்ளுக்குள் ஒரு குதூகலம். இருட்டில் தட்டுத்தடுமாறி முன்கூடத்துக்கு ஓடினாள். ஆய்வுக்கூடம் இருண்டிருந்தது. டைரக்டர் அறை இருண்டிருந்தது. மாதிரிகள் வைத்திருந்த குளிர்பெட்டியும் அணைந்திருந்தது. மரபு மூலை மட்டும் வெளிச்சமாக இருந்தது. மின்தடையைத் தாங்குகிற பேட்டரியை வாங்கி அதற்குத்தான் போட்டிருந்தார்கள். டைரக்டர் திரையில் சிரித்துக்கொண்டிருந்தார்.

மாசக் கடைசி நெருங்கியது. அந்தோணிமுத்து போன் செய்வதை நிறுத்தியிருந்தார். அது அவளை இன்னும் அதிகமாக வதைத்தது. கலாதேவி துணிந்து டைரக்டரிடம் போனாள்.

“டாக்டர், பழைய கம்ப்யூட்டர்தான் மிஷினைப் புடிச்சிருக்கு. அதை அணைக்க வேணாம். அதுலயே ஒக்காந்து நான் டெஸ்ட் பண்ணிக்கிறேனே?”

டைரக்டரின் கண்கள் மின்னின. “உயிருள்ள மரபு!” என்றார். “ஜோசலின், எழுதிக்கோ. உயிருள்ள மரபு.”

கண்ணாடியில் ஓட்டை போட்டு விசைப்பலகையையும் சுட்டெலியையும் வெளியே எடுத்தார்கள். சுற்றிச் சிவப்பு வெல்வெட்டுக் கயிறு கட்டினார்கள். கயிற்றுக்குள்ளே கலாதேவி உட்கார்ந்தாள். ‘பாரம்பரிய முறையில் பகுப்பாய்வு செய்யும் பெண்’ என்று ஒரு சின்ன அட்டையும் வந்தது. ஒரு பள்ளிக்கூடம் பேருந்து பிடித்துப் பார்க்க வந்தது. ஒரு சிறுமி, “டீச்சர், இவங்க அசையுறாங்க!” என்று கத்தினாள். தொடக் கூடாது என்று சீனி அவளைத் தள்ளி நிற்கச் சொன்னார்.

ஆனாலும் கலாதேவி சந்தோஷமாகத்தான் இருந்தாள். பழைய திரையில் பழகிய மலைகள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன. அந்தோணிமுத்துவின் சம்பலில் அமிலம் அனுமதித்த அளவுக்கு வெகு கீழே இருந்தது. எல்ஸி ஒரு சிட்டிகைதான் போட்டிருப்பாள் போலிருக்கிறது. கலாதேவி முடிவை எழுதி எடுத்துக்கொண்டு ஓடினாள்.

ஜோசலின் அதை வாங்கிப் படித்து, மென்மையாகத் திருப்பிக் கொடுத்தாள். “ரிப்போர்ட் பிந்தார் பிளஸ்ல இருந்துதான் வரணும்க்கா. அந்தக் கம்ப்யூட்டர் ரிட்டயர் ஆயிருச்சு. ரிட்டயர் ஆனவங்க எடுத்த ரிசல்டை நாம எப்படிக் கையெழுத்துப் போட்டு வெளிய குடுக்குறது? ஒங்களைக் கண்காட்சிக்குத்தான் ஒக்கார வச்சோம்.”

“அப்ப அவருக்கு நான் என்னா பதில் சொல்றது?”

“பயணத்துல இருக்குன்னு சொல்லுங்கக்கா.”

கலாதேவி அன்று அந்தோணிமுத்துவுக்கு அவளாகவே போன் செய்தாள். “அண்ணே, ஒங்க சம்பல் சுத்தமா இருக்கு. டெஸ்ட் பண்ணிப் பாத்துட்டேன்.”

“அப்ப ரிப்போர்ட்டு?”

“அதை மட்டும் குடுக்க முடியாதுண்ணே.”

மறுமுனையில் எல்ஸியின் குரல் தூரத்தில் கேட்டது: “என்னாவாம்?” அவர் அவளுக்குச் சொன்ன பதில்: “நல்லா இருக்காம். ஆனா இல்லையாம்.”

இந்த நிலைமையில்தான் கழகத்துக்கு விருது கிடைத்தது. தலைமையகத்துக்குப் போன பச்சை வட்டங்கள் எங்கெங்கோ பயணம் செய்து, ‘ஆண்டின் மிகச் சிறந்த டிஜிட்டல் ஆய்வுக்கூடம்’ என்ற பட்டத்தோடு திரும்பி வந்தன. கோப்பையை நேரில் கொடுக்கக் கோலாலம்பூரிலிருந்து மூன்று பெரிய மனிதர்கள் வந்தார்கள். டைரக்டர் பங்களாவில் டை கட்டிக்கொண்டிருந்ததால் வரவேற்கக் கொஞ்சம் தாமதமாகிவிட்டது.

வந்தவர்கள் முன்கூடத்தில் நுழைந்தார்கள். எதிரே கண்ணாடிப் பெட்டி. உள்ளே திரை முழுக்க டாக்டர் மகேந்திரனின் சிரித்த முகம். சுற்றிச் சந்தன மாலை. பக்கத்தில் கைகட்டி நிற்கும் காவலாளி. கயிற்றுக்குள்ளே தலைகுனிந்து உட்கார்ந்திருக்கும் ஒரு பெண்.

மூத்தவர் சட்டென்று தொப்பியைக் கழற்றினார். மற்ற இருவரும் தலையைத் தாழ்த்தினார்கள். மூவரும் மௌனமாக நின்றார்கள். பிறகு மூத்தவர் கலாதேவியிடம் வந்து, தாழ்ந்த குரலில் மலாயில் ஆறுதல் சொன்னார். எப்போது நடந்தது என்று கேட்டார். கயிற்றுக்குள்ளே இருந்ததால் கலாதேவிக்கு எழுந்து ஓடவும் வழியில்லை.

அப்போது பின்னாலிருந்து, “வெல்கம்! வெல்கம்!” என்று இரண்டு கையையும் விரித்தபடி டாக்டர் மகேந்திரன் வந்தார்.

மூவரில் ஒருவர் சீனியின் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அவருக்குத் தண்ணீர் கொடுத்துத் தெளிய வைத்த பிறகு, என்ன நடந்தது என்பது டைரக்டருக்கு மெல்ல மெல்ல விளங்கியது. அவர் கண்ணாடிப் பெட்டியை, வந்தவர்கள் நின்ற இடத்திலிருந்து, முதல் முறையாகப் பார்த்தார்.

“சீனி, இதுக்கு முன்ன யாராச்சும் இப்படி…?”

“வர்றவங்க எல்லாரும் கும்புட்டுட்டுத்தான் போவாங்க டாக்டர்,” என்றார் சீனி. “சில பேரு கண்ணு கலங்குவாங்க. ஒங்க மேல அவ்ளோ மரியாதைன்னு நெனச்சேன்.”

டைரக்டர் கால்சட்டைப் பைக்குள் கைவிட்டார். இத்தனை நாளும் யாருக்கும் கிடைக்காத சாவி அங்கேதான் இருந்தது. கண்ணாடியைத் திறந்தார், மாலையைக் கழற்றி ஜோசலினிடம் கொடுத்தார், குனிந்து பிளக்கை உருவினார். முனகல் நின்றது. திரை கறுத்தது. அதே இடத்தில் கோப்பையை வைத்தார். அது விளக்கெரிந்தபடி சுழல்கிற கோப்பை. அதற்கும் மின்சாரம் வேண்டியிருந்தது. பிளக்கைச் செருகினார்.

பிறகு விருந்தினர்களைப் பார்த்துத் திரும்பினார். “மரபு என்பது மின்சாரத்தில் இல்லை,” என்றார். “அது மனத்தில் இருக்கிறது.” ஜோசலின் எழுதிக்கொண்டாள்.

அவள் எழுதி முடிப்பதற்குள் கலாதேவி வெல்வெட்டுக் கயிற்றைத் தாண்டிவிட்டாள். பட்டுச் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஆய்வுக்கூடத்துக்கு ஓடினாள். கருவியை அணைத்துப் போட்டாள். பிந்தார் பிளஸைத் திறந்து ‘இணை’யை அழுத்தினாள். திரையில் வட்டம் சுற்றியது. பம்ப் சின்னதாக ஒரு சத்தம் கொடுத்தது. ஒவ்வொரு பெட்டியின் விளக்கும் கீழிருந்து மேலாகப் பச்சையானது. அவளை அறியாமல், “வாடா ராஜா,” என்று வாய்விட்டுச் சொன்னாள்.

பழைய முறைகளை ஒவ்வொன்றாகப் புதிய மென்பொருளில் உள்ளிட்டாள். அளவு தெரிந்த மாதிரியை முதலில் ஓட்டினாள். மலை எழவேண்டிய இடத்திலேயே எழுந்தது. பிறகு சம்பலை ஓட்டினாள். சாயங்காலம் பிந்தார் பிளஸின் தலைப்போடு அந்தோணிமுத்துவின் அறிக்கை சூடாக அச்சாகி வந்தது.

கையெழுத்துக்கு எடுத்துக்கொண்டு போனபோது, “மிஷின் கனெக்ட் ஆயிருச்சு!” என்றாள் ஜோசலினிடம்.

ஜோசலின் சுவர்ப் பலகையைப் பார்த்தாள், கலாதேவியைப் பார்த்தாள். “அதான் எப்பவோ ஆயிருச்சேக்கா. பச்சையாதானே இருக்கு?”

இன்னொரு பச்சை வட்டம் ஒட்ட இடமில்லாததால் அந்தச் செய்தி எங்கும் பதிவாகவில்லை. பழைய கணினி சாமான் அறைக்குப் போனது. சீனி கோப்பைக் காவலர் ஆனார். கோப்பையில் தங்க முலாம் இருந்ததால் அவருக்கு இரவுப் பாதுகாப்புப் படியும் சேர்ந்து கிடைத்தது.

மறுநாள் அந்தோணிமுத்து லாரியோடு வந்தார். இந்த முறை எல்ஸியும் வந்திருந்தாள். அறிக்கையை இருவரும் சேர்ந்து பிடித்து, ஏதோ குழந்தையின் ஜாதகம் மாதிரி மேலும் கீழும் பார்த்தார்கள். பேரங்காடி ரேக்கில் இடம் இன்னும் இருந்தது.

“ரொம்ப நன்றி தங்கச்சி,” என்றார் அந்தோணிமுத்து. “இத்தனை நாளு ஆவாதது நேத்து எப்படி ஆச்சு? மிஷினுக்கு என்னா பண்ணீங்க?”

கலாதேவி யோசித்தாள். எங்கே தொடங்கினாலும் நீளமாகப் போகும். முன்கூடத்தில் கோப்பை சுழல்வது கண்ணாடிக் கதவு வழியாகத் தெரிந்தது.

“மிஷினுக்கு ஒண்ணும் பண்ணலைண்ணே. எங்களுக்கு விருது கெடச்சுச்சு. அதுக்கப்புறம் வேலை செய்ய ஆரம்பிச்சிருச்சு.”

அந்தோணிமுத்து தலையை ஆட்டிக்கொண்டார். எல்ஸி அவர் காதில் ஏதோ சொன்னாள். அவர் லாரிக்குப் போய், கறுத்த கலவை நிரம்பிய புதுப் பாட்டில் ஒன்றை எடுத்துவந்து மேசைமேல் வைத்தார்.

“இது எலுமிச்ச ஊறுகா. இதையும் டெஸ்ட் பண்ணணும்னு எல்ஸி சொல்றா. அவசரம் ஒண்ணும் இல்ல தங்கச்சி,” என்றார் அவர், முகத்தில் எந்தக் கேலியும் இல்லாமல். “அடுத்த விருது எப்பக் கெடைக்கும்னு மட்டும் சொல்லுங்க. அப்ப வந்து வாங்கிக்கிறேன்.”